அக்கா மகன் சிங்கப்பூர் ராணுவத்தில் சைன் ஆன் பண்ணி முழுநேரமாக இருக்கப் போகிறானாம். கர்னல், ஜெனரல் என்று மேலே போகிற வழி உண்மையில் எப்படி?

உட்லண்ட்ஸ் மாமா எழுதியது:

வணக்கம். அக்கா மகன் இப்போது பாசிர் லாபாவில் அதிகாரிப் பயிற்சியில் இருக்கிறான். இன்னும் கொஞ்ச நாளில் கமிஷன் பரேட், அதாவது அதிகாரியாகப் பதவி ஏற்கிற அணிவகுப்பு. தெக்கோங் தீவில் பிஎம்டி என்கிற அடிப்படைப் பயிற்சி முடித்து ஓசிஎஸ் என்கிற அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்கு எடுத்தபோது குடும்பத்தில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். இரண்டு வருஷம் என்எஸ் என்கிற கட்டாய தேசிய சேவை, அதிகாரியாக வெளியே வருவான், அப்புறம் யூனிவர்சிட்டி என்று கணக்குப் போட்டிருந்தோம். இப்போது என்னடா என்றால் முழுநேரமாகவே ராணுவத்தில் இருந்துவிடப் போகிறேன் என்கிறான். அக்கா முடியவே முடியாது என்கிறாள். ஐம்பது வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்கப்புறம் என்ன செய்வான் என்பது அவள் கவலை. அத்தான் வேறு மாதிரி. ஏறினால் ஜெனரல் வரை ஏற வேண்டும், பாதியில் நிற்பதற்கு எதற்கு அங்கே போவது என்று கேட்கிறார்.

நான் என்எஸ் செய்தது சிவில் டிஃபென்ஸில், தீயணைப்பு வண்டியில். ராணுவத்தில் ஒரு லெஃப்டினன்ட் கர்னல் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன வேலை பார்ப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது, அதனால் வீட்டில் இரண்டு பக்கமும் என்னிடம் நியாயம் கேட்கும்போது தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். இவனுக்கு ராணுவ ஸ்காலர்ஷிப் இல்லை. போட்டான், இன்டர்வியூ வரை போனான், கிடைக்கவில்லை. ஸ்காலர் இல்லாதவன் எதுவரை போக முடியும்? நம் ஆட்கள் யாராவது உச்சிக்குப் போயிருக்கிறார்களா? உள்ளே இருந்தவர்கள் பூசி மெழுகாமல் சொல்லுங்கள், அக்காவுக்கு அப்படியே அனுப்பி வைக்கிறேன்.

---

பழைய சிக்னல்காரன் எழுதியது:

தம்பி, நான் ரெகுலராக, அதாவது முழுநேர ராணுவக்காரனாக இருந்து லெஃப்டினன்ட் கர்னலாக வெளியே வந்தவன். ஸ்காலர் இல்லை. அதனால் உங்கள் மருமகன் நிற்கிற இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் அத்தானுக்கு. ஜெனரல் ஆகவேண்டும் என்பதற்காக யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. ஆர்மியில் ஒரு நேரத்தில் நட்சத்திரம் வைத்தவர்களை உட்கார்ந்து எண்ணிவிடலாம், அவ்வளவு பேர்தான். ஒரு பேட்சில் கமிஷன் வாங்குகிற நூற்றுக்கணக்கான பையன்களில் சைன் ஆன் பண்ணுகிறவர்கள் கொஞ்சம், அதில் பத்து வருஷத்துக்கு அப்புறமும் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம், கர்னல் ஆகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம். மேஜர், லெஃப்டினன்ட் கர்னல் என்று நின்றுவிடுகிறவர்கள் தோற்றுப்போனவர்கள் என்று வெளியே நினைக்கிறார்கள். ராணுவத்தைத் தினமும் ஓட்டுகிறவர்களே அவர்கள்தான்.

வழி ஏறக்குறைய இப்படிப் போகும். கமிஷன் வாங்கியதும் ஒரு பிளட்டூன், முப்பது பேர் மாதிரி. பிறகு ரெகுலர் என்றால் படிக்க அனுப்புவார்கள், திரும்பி வந்து கேப்டனாக ஒரு கம்பெனியை, அதாவது சில பிளட்டூன் சேர்ந்த பிரிவைப் பார்ப்பான், அப்புறம் மேசை வேலை. இந்த மேசை வேலைதான் வெளியே யாருக்கும் தெரியாது. ஜி1 என்றால் ஆள் விஷயம், ஜி2 உளவு, ஜி3 பயிற்சியும் நடவடிக்கையும், ஜி4 சாமான், ஜி5 திட்டம். ஒரு பெரிய பயிற்சி நடக்கிறது என்றால் எத்தனை லாரி, எந்த ரேஞ்ச் எப்போது காலி, சாப்பாடு யார் கொண்டுபோவது, மழை பெய்தால் என்ன என்று எல்லாவற்றையும் தாளில் எழுதி மேலே ஒப்புதல் வாங்குவது இந்த கேப்டன், மேஜர்கள் வேலை. ஃபீல்டில் சிங்கம் மாதிரி இருந்த சிலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் வெளியே போனார்கள்.

மேஜர் ஆன பிறகு ஸ்டாஃப் காலேஜ், சாஃப்டி என்கிற ராணுவப் பயிற்சி நிலைய வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, 2011ல் அதற்கு முன்னாள் தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ பெயர் வைத்தார்கள். அது முடித்து லெஃப்டினன்ட் கர்னலாக ஒரு பட்டாளத்துக்கு சிஓ, அதாவது கமாண்டிங் ஆபிசர். அங்கிருந்து பிரிகேட், அப்புறம் டிவிஷன், டிவிஷன் கமாண்டர் என்றால் பெரும்பாலும் பிரிகேடியர் ஜெனரல். அதற்கு மேல் ராணுவத் தலைவர் மேஜர் ஜெனரல், மொத்தப் படைக்கும் தலைவர் லெஃப்டினன்ட் ஜெனரல், கடற்படைக்காரராக இருந்தால் வைஸ் அட்மிரல். 2023ல் வந்த ஏரன் பெங்தான் கடற்படையிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள்.

இதில் ஒருவன் எதுவரை போவான் என்பது ஐம்பது வயதில் முடிவாகிற விஷயம் இல்லை. முப்பதிலிருந்து முப்பத்தைந்துக்குள் கிட்டத்தட்ட தெரிந்துவிடும். அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும், 1980களில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் மதிப்பீட்டு முறையை நம் பொதுச்சேவை எடுத்துக்கொண்டது. இந்த வருஷம் எப்படி வேலை செய்தாய் என்பது ஒரு கணக்கு, கடைசியில் எந்த உயரத்துக்குப் போகத் தாங்குவாய் என்பது வேறொரு கணக்கு. இரண்டாவது கணக்கைத்தான் எல்லாரும் முணுமுணுப்பார்கள். ஒரு வருஷம் நீ பிரமாதமாகச் செய்து நல்ல போனஸ் வாங்கலாம், ஆனால் மேலே இருப்பவர்கள் உன்னை லெஃப்டினன்ட் கர்னல் அளவு என்று வைத்திருந்தால் நல்ல போஸ்டிங் உன்னைத் தாண்டிப் போகும். ஸ்காலருக்கு என்ன வசதி என்றால் அவன் ஆரம்பத்திலேயே உயரமான மதிப்பீட்டோடு வருகிறான், அதனால் நல்ல இடங்கள் சீக்கிரம் கிடைக்கின்றன, நல்ல இடங்களில் இருந்ததால் மதிப்பீடு கீழே இறங்குவதில்லை. இது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.

ஸ்காலர் இல்லாதவர்கள் மேலே வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறார்கள், ஆரம்பத்தில் ஸ்காலரே கிடையாது. வின்ஸ்டன் சூ 1959ல் கேடட்டாகச் சேர்ந்து, கோலாலம்பூர் சுங்கை பெசியில் பயிற்சி எடுத்து, இந்தோனேசியாவோடு மோதல் நடந்த கன்ஃபிரண்டேஷன் காலத்தில் சபாவில் செபாத்திக் தீவில் நின்றவர். 1974ல் 33 வயதில் படையின் தலைமைப் பொறுப்பு, 1992 வரை அவரேதான், 18 வருஷம். அதற்கப்புறம் ஏரன் பெங் வரை பத்துப் பேர் வந்துவிட்டார்கள், ஆளுக்கு மூன்று வருஷம் மாதிரி. 1971ல் ஆயுதப்படை ஸ்காலர்ஷிப் ஆரம்பித்தார்கள், முதல் பேட்சில் ஒருவர் லீ சியன் லூங். 1983ல் செந்தோசா கேபிள் கார் விபத்தில் மீட்பு வேலையை நடத்தியது அவர்தான், அப்போது கர்னல். அடுத்த வருஷம் பிரிகேடியர் ஜெனரலாக ராணுவத்தை விட்டுத் தேர்தலுக்குப் போனார், 32 வயது. அந்த வேகம் எல்லாருக்கும் இல்லை, ஸ்காலர்களுக்கே இல்லை.

சிஓ வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் திரும்பச் செய்யக் கொடுத்தால் அதைத்தான் கேட்பேன். சில நூறு பேர், பெரும்பாலும் பதினெட்டு பத்தொன்பது வயது, அதில் ஒருவன்கூடத் தானாக விரும்பி வந்தவன் இல்லை. ஒருவனுக்கு வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இன்னொருவன் காதலி விட்டுப் போய்விட்டாள் என்று சாப்பிடாமல் கிடக்கிறான், இன்னொருவன் அம்மா எம்பியிடம் எழுதிப் போட்டிருக்கிறாள். வெயிலில் ரூட் மார்ச், ஒருவனுக்கு உடம்புச் சூடு ஏறிவிட்டது என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் போன் சிஓவுக்குத்தான். எதிரி யாரும் சுடவில்லை, உண்மை. ஆனால் பிறர் பிள்ளையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு என்னவென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

நம் ஆட்கள் கேள்விக்கு வேறு யாராவது சொல்லட்டும், விரல் வலிக்கிறது.

---

சிராங்கூன் ரோட்டுக் காபி எழுதியது:

எல்லாம் சரி சார், ஆனால் பேப்பர் ஜெனரல் என்று ஊரே சொல்கிறதே, அதை விட்டுவிட்டீர்களே. சண்டையே பார்க்காமல் நட்சத்திரம், அப்புறம் நேராக ஒரு பெரிய கம்பெனி நாற்காலி. டெஸ்மண்ட் குவெக் படைத் தலைவராக இருந்துவிட்டு 2012ல் எம்ஆர்டி ரயில் ஓட்டுகிற கம்பெனிக்குத் தலைமை நிர்வாகியாக வந்தார், அவருக்கு அப்புறம் 2018ல் வந்தவர் நியோ கியென் ஹொங், அவரும் முன்னாள் படைத் தலைவர். இங் யட் சுங் முதலில் கப்பல் கம்பெனி, அப்புறம் பத்திரிகைக் கம்பெனி. காலையில் ரயில் நின்றுபோய் ஜூரோங் ஈஸ்ட் பிளாட்ஃபார்மில் முழங்கை இடிபட நிற்கிறவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். உட்லண்ட்ஸ் அண்ணே, அக்கா கவலையே படவேண்டாம், மருமகன் மேலே போய்விட்டால் ஐம்பதுக்கு அப்புறம்தான் வாழ்க்கையே ஆரம்பம் 😄

---

ஓய்வில் இருக்கும் என்சிக் எழுதியது:

காபி தம்பி, சிரிப்பு போட்டுவிட்டாய், சரி. நான் என்சிக், அதாவது வாரண்ட் அதிகாரியாக இருந்தவன், மேஜர் ஆகப் போகிற பையன்களுக்கு ஒழுங்காக சல்யூட் அடிக்கச் சொல்லிக் கொடுத்தவன், அதனால் அதிகாரிகளைத் தூக்கிப் பிடிக்க எனக்கு அவசியம் இல்லை. புத்தகத்தில் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஃபீல்டுக்கு வந்து என்சிக்குகளைக் கேட்காமல் முடிவெடுத்த ஸ்காலர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரயில் கம்பெனிக்குப் போனவர் நன்றாக ஓட்டினாரா என்பது ஒரு கேள்வி, ராணுவத்தில் ஒழுங்காக வேலை செய்தாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் நியாயம் இல்லை.

சண்டை பார்க்கவில்லை என்கிறாய். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது ஆச்சேயில் மெலாபோ நகரத்துக்கு சாலை எல்லாம் போய்விட்டது, கடல் வழியாகத்தான் போக முடியும். நம் கப்பல்கள் போய் இறங்கின, அங்கே நம் படையின் உதவிப் பணிக்குப் பொறுப்பாக நின்றவர் அப்போது கர்னலாக இருந்த டான் சுவான் ஜின். அரசியலுக்கு வந்த பிறகு அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், அந்த வேலை நல்ல வேலை. 2002ல் கிழக்குத் திமோரில் ஐநா அமைதிப் படைக்கே தளபதியாக இருந்தவர் நம் மேஜர் ஜெனரல் டான் ஹக் கிம், பல நாட்டுப் படையை ஒருவர் கையில் கொடுக்கிறார்கள் என்றால் சும்மா கொடுப்பார்களா? ஆப்கானிஸ்தானுக்கும் ஏடன் வளைகுடாவுக்கும் நம் ஆட்கள் போயிருக்கிறார்கள். போர் இல்லை என்பது உண்மை, போர் வராமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

நம் ஆட்கள் என்று கேட்டீர்கள். இந்தியர்கள் என்று பார்த்தால் ஆரம்பமே அவர்கள்தான். சாஃப்டி 1966ல் தொடங்கியபோது அதற்கு முதல் இயக்குநர் கிர்பா ராம் விஜ். அரசாங்க நிர்வாக அதிகாரி, தொண்டர் படையில் பகுதிநேரமாக இருந்தவர், கோ கெங் சுவீ கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். சாஃப்டி முதல் பேட்சில் 117 பேர் 1967 ஜூலையில் கமிஷன் வாங்கினார்கள், இன்றைக்கு இருக்கிற அத்தனை அதிகாரிகளுக்கும் அதுதான் வேர். அவர் 1970லிருந்து 1974 வரை முழுப் படைக்கும் தலைமை, அவரிடமிருந்துதான் வின்ஸ்டன் சூ வாங்கிக்கொண்டார். கடற்படையை ஆரம்பத்தில் நடத்தியது ஜஸ்வந்த் சிங் கில். அதற்கப்புறம் ரொம்ப நாள் இடைவெளி. 2011ல் மேஜர் ஜெனரல் ரவீந்தர் சிங் ராணுவத் தலைவர் ஆனார், 2014 வரை இருந்தார். விஜ் இறங்கியதற்கும் இவர் ஏறியதற்கும் நடுவில் 37 வருஷம், அதைப் பார்த்துவிட்டு நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேருமே பஞ்சாபிகள், கவனித்தீர்களா. தமிழர் ஒருவர் ராணுவத் தலைவராக இதுவரை வந்ததில்லை. தற்காப்பு அமைச்சில் தமிழர் என்றால் எஸ். ஆர். நாதன், ஆனால் அவர் சீருடைக்காரர் இல்லை, உளவுப் பிரிவுக்கு இயக்குநர். 1974 லாஜு கப்பல் கடத்தல் விவகாரத்தில் ஆயுதம் வைத்திருந்தவர்களோடு குவைத் வரை விமானத்தில் போனவர், பின்னால் அதிபர். கர்னல், லெஃப்டினன்ட் கர்னல் மட்டத்தில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் சல்யூட் அடித்திருக்கிறேன், கொஞ்சம் கூடுதலாகவே நெஞ்சை நிமிர்த்தி அடித்திருக்கிறேன். அதற்கு மேல் கதவு திறந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டால், திறந்திருக்கிறது, ஆனால் அகலமாக இல்லை, யாருக்குமே இல்லை.

---

பொங்கோல் கோவைக்காரன் எழுதியது:

நான் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவன், இங்கே என்எஸ் செய்யவில்லை, ஆனால் சித்தப்பா இந்திய ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் இந்த இழையைப் படித்ததும் வாயைத் திறக்கலாம் என்று தோன்றியது. தப்பாக இருந்தால் பெரியவர்கள் திட்டிவிடுங்கள்.

எனக்கு இங்கே வந்து முதலில் ஆச்சரியமாக இருந்தது வயசுதான். 32 வயதில் பிரிகேடியர் ஜெனரல் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர் கணக்கில் 32 என்றால் மேஜர். லெஃப்டினன்ட் கர்னல் வரை வருஷத்தை வைத்துத் தானாகவே வந்துவிடும், கர்னல்தான் முதல் கண்டம், தேர்வுக் குழு உட்கார்ந்து பழைய வருடாந்திர அறிக்கைகளையெல்லாம் எடுத்துவைத்துப் பார்க்கும், பாதிப் பேருக்கு மேல் அங்கேயே நின்றுவிடுவார்கள். சித்தப்பா கர்னல் ஆகி, பிரிகேடியர் குழுவில் தேறாமல் 54ல் வெளியே வந்தார். அங்கே ஓய்வு வயதே பதவியைப் பொறுத்தது, கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெஃப்டினன்ட் ஜெனரலுக்கு 60. அதனால் ஒரு பதவியில் தேறவில்லை என்றால் வருமானமும் அந்த இடத்தில் நிற்கும், வயதும் வந்து நிற்கும்.

தமிழர்கள் தலைமைத் தளபதியாக வந்த கதை எங்கள் பக்கம் உண்டு. குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து பி. பி. குமாரமங்கலம் 1942ல் வட ஆப்பிரிக்காவில் எதிரியிடம் பிடிபட்டுப் போர்க் கைதியாக இருந்தவர், 1966லிருந்து 1969 வரை தலைமைத் தளபதி. செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி 1946ல் கமிஷன் வாங்கி 1986ல் தளபதி ஆனார், 40 வருஷம். எஸ். பத்மநாபன் 1959ல் உள்ளே வந்து 2000ல் தளபதி. அதாவது நாற்பது வருஷம் எல்லையிலும் மலையிலும் கிடந்துவிட்டுத்தான் அந்த நாற்காலி. சுந்தர்ஜி பேரைச் சொன்னால் 1984ல் பொற்கோயில், 1987ல் இலங்கை என்று இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

இங்கே தலைவர்கள் நாற்பதுகளிலேயே இறங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. இளம் வயதுத் தளபதி வேகமாக யோசிப்பார். ஆனால் ஆளுக்கு மூன்று வருஷம் என்றால், ஆரம்பித்த வேலை முடிகிறதைப் பார்க்காமலே போய்விட மாட்டாரா? சிக்னல் ஐயா சொல்லுங்கள்.

---

பழைய சிக்னல்காரன் எழுதியது:

கோவைத் தம்பி நல்ல கேள்வி கேட்டார். உள்ளேயே இது உண்டு. ஒரு தளவாடம் வாங்க முடிவெடுப்பவர் ஒருவர், அது வந்து இறங்கும்போது நாற்காலியில் இருப்பவர் மூன்றாமவர். அதனால்தான் இங்கே ஒரு தனி மனிதரை நம்பாமல் ஜி5 மாதிரி திட்டப் பிரிவுகளை நம்பி ஓட்டுகிறார்கள். இளமையாக மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மேலே இருப்பவர் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தால் கீழே இருக்கிற நல்ல ஆட்கள் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். சின்ன படை, அடைபட்டால் நகராது. என் சொந்தக் கருத்து, மூன்று வருஷம் குறைவு, ஐந்து இருக்கலாம்.

---

தெம்பனிஸ் வீட்டம்மா எழுதியது:

எல்லா அண்ணன்மாரும் நட்சத்திரத்தையே பேசுகிறீர்கள். உட்லண்ட்ஸ் அண்ணா, உங்கள் அக்காவிடம் இதைக் காட்டுங்கள். என் கணவர் ரெகுலர், மேஜர், எந்தப் பிரிவு என்று சொல்ல மாட்டேன்.

கேம்ப் பக்கத்தில்தான், சிங்கப்பூர் சின்ன ஊர், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று கல்யாணத்தின்போது எல்லாரும் சொன்னார்கள். பாதி நாள் வருவார். மீதி நாள் ஔட்ஃபீல்ட் என்கிற வெளிக்களப் பயிற்சி, டியூட்டி, இல்லையென்றால் ஆஸ்திரேலியா. குவீன்ஸ்லாந்தில் ஷோல்வாட்டர் பே என்று ஒரு இடம், 1990லிருந்து நம் ஆட்கள் அங்கே பயிற்சிக்குப் போகிறார்கள், வாலபி என்று பேர். எங்கள் வீட்டில் தீபாவளி எந்த மாதம் என்று பார்ப்பதற்கு முன் வாலபி எந்த மாதம் என்றுதான் பார்ப்பது. பிள்ளைக்கு ஜுரம் வந்தால் நான்தான், தொடக்கப்பள்ளி முடிகிற பிஎஸ்எல்இ தேர்வு வருஷத்திலும் நான்தான். போஸ்டிங் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறும், புது மேலதிகாரி, புது ஆட்கள், மறுபடி முதலிலிருந்து பெயர் எடுக்க வேண்டும், அந்த முதல் ஆறு மாதம் வீட்டில் மனிதர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. கூடப் படித்த நண்பன் அதே வருஷம் கமிஷன் வாங்கினவன் முன்னாடி ஏறிவிடுவான். ஒரு நாள் அவருக்கு இவர் சல்யூட் அடிக்க வேண்டி வரும். பழகிவிடும் என்பார்கள், பழகுகிறது, ஆனால் அந்த வாரம் வீட்டில் கொஞ்சம் அமைதியாக இருக்க வேண்டும்.

ஆனால் சம்பளம் நேரத்துக்கு வரும், படிக்க அனுப்புகிறார்கள், மருத்துவச் செலவு பார்த்துக்கொள்கிறார்கள். பணத்தைப் பற்றி நான் குறை சொன்னால் சோறு கிடைக்காது. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

---

உட்லண்ட்ஸ் மாமா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விஷயம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தெம்பனிஸ் தங்கச்சி எழுதியதை அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு, "இவள்தான் உண்மை பேசுகிறாள்" என்றாள். அத்தான் கிர்பா ராம் விஜ் யார் என்று தேடிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

மருமகனுக்கும் அனுப்பினேன். அவனுக்கு ஜெனரல் ஆசையெல்லாம் இல்லையாம், சிஓ வேலையைப் பற்றி சிக்னல் ஐயா எழுதிய பகுதியை மட்டும் தன் செக்ஷன் பையன்களுக்கும் அனுப்பியிருக்கிறான். இரண்டு விஷயம் மட்டும் பாக்கி. ஐம்பதுக்கு அப்புறம் என்ன என்ற அக்கா கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, காபி அண்ணன் கிண்டல் பண்ணியதோடு சரி. அப்புறம், இப்போதே கையெழுத்துப் போடுவதா, யூனிவர்சிட்டி முடித்துவிட்டு யோசிப்பதா?

---

பழைய சிக்னல்காரன் எழுதியது:

ஐம்பது விஷயம். பழைய காலத்து அதிகாரிகளுக்குப் பென்ஷன் இருந்தது. 1998ல் அதிகாரிகளுக்கு சேவர் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், மாதாமாதம் பென்ஷன் கிடையாது, சேவையில் இருக்கும்போதே உன் கணக்கில் பணம் போட்டுக்கொண்டே வருவார்கள், எத்தனை வருஷம் இருக்கிறாயோ அதற்கேற்ப உனக்குச் சொந்தமாகும். பாதியில் கிளம்பினால் முழுதும் கையில் வராது. இந்த விவரத்தை அக்கா தானே உட்கார்ந்து ஒப்பந்தத்தில் படிக்க வேண்டும், ஆட்சேர்ப்பு அதிகாரி வாயால் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு வரக் கூடாது. கேட்டால் காட்டுவார்கள், தயங்காமல் கேட்கலாம், பெற்றோர் கேள்வி கேட்பது அவர்களுக்குப் புதிதில்லை.

ஐம்பதில் வெளியே வருகிற லெஃப்டினன்ட் கர்னலுக்கு ரயில் கம்பெனித் தலைவர் நாற்காலி கிடைக்காது. என்னோடு வெளியே வந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் நிர்வாகம் பார்க்கிறார், இரண்டு பேர் பாதுகாப்பு நிறுவனத்தில், ஒருவர் லாஜிஸ்டிக்ஸ், ஒருவர் டாக்ஸி ஓட்டுகிறார், அது பிடித்துத்தான் ஓட்டுகிறார். முதல் வேலை கிடைக்கும் வரை சிலருக்கு நாள் பிடித்தது, சம்பளமும் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. நாற்பத்தைந்திலேயே எதையாவது படிக்க ஆரம்பித்தவர்களுக்குச் சிரமம் இல்லை. ஐம்பதுக்கு அப்புறமும் சீருடையிலேயே இருக்க ஆசை என்றால் 2010லிருந்து நிபுணர்களுக்கு ஒரு தனிப் பாதை இருக்கிறது, எஞ்சினியரிங், உளவு மாதிரித் துறைகளில் 60 வரை இருக்கலாம், ஆனால் அந்தப் பாதையில் போனால் பட்டாளத்துக்கு சிஓ ஆகிற பேச்சு இல்லை. 2022ல் டிஜிட்டலுக்கும் உளவுக்கும் சேர்த்து நாலாவது படையே ஆரம்பித்திருக்கிறார்கள். பையனுக்குக் கம்ப்யூட்டர் வரும் என்றால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போதா அப்புறமா என்றால், என் கருத்து இது. கமிஷன் வாங்கிய பிறகு ஒரு பிளட்டூனை எடுத்து நடத்திப் பார்க்கட்டும். என்எஸ் முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன, யாரும் துரத்தவில்லை. ஓசிஎஸ்ஸில் எல்லாருமே அவனைப் போலவே ஓடுகிறவர்கள், கேட்டதும் செய்கிறவர்கள். பட்டாளத்தில் அப்படி இருக்காது. எம்சி என்று மருத்துவ விடுப்பு எடுத்தே பழகியவன் இருப்பான், அப்பாவைவிட வயதான என்சிக் இருப்பார், இவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத கார்ப்பரல் இருப்பான். அந்த முப்பது பேரோடு இருந்துவிட்டு அதற்கப்புறமும் இருக்க வேண்டும் என்று தோன்றினால் அப்போது கையெழுத்துப் போடட்டும். யூனிவர்சிட்டி இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம், அதை வைத்துக்கொண்டே முடிவெடுக்கலாம்.

---

ஓய்வில் இருக்கும் என்சிக் எழுதியது:

சிக்னல் சார் சொன்னது சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், முதல் நாள் பட்டாளத்துக்குப் போனதும் சார்ஜென்ட் மேஜரைத் தேடிப் போய் வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். பதவியில் இவன்தான் மேலே, அது தெரியும். இருந்தாலும் போகச் சொல்லுங்கள். அப்புறம் ஐபிபிடி உடற்தகுதித் தேர்வில் கோல்டு எடுக்கிறானா? கர்னல் ஆனாலும் 2.4 கிலோமீட்டர் ஓடத்தான் வேண்டும், அதிலிருந்து தப்பவே முடியாது 😂

---

உட்லண்ட்ஸ் மாமா எழுதியது:

கோல்டுதான் என்சிக். ஓட்டம் நன்றாக வரும், புஷ் அப்தான் கடைசி நிமிஷத்தில் இழுக்கிறது என்கிறான். அக்கா "பரேடுக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்கிற வரைக்கும் இறங்கியிருக்கிறாள், சேவர் ஒப்பந்தத்தைத் தானே படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். தெம்பனிஸ் தங்கச்சி, உங்களிடம் தனியாகச் சில விஷயம் கேட்க வேண்டுமாம், உங்களுக்குச் சம்மதம் என்றால் தனிச் செய்தியில் சொல்லுங்கள், அவள் நம்பர் தருகிறேன்.